கரும்புக்காட்டில் அடைகிடக்கும் மலைப்பாம்பு: முட்டையை எடுக்கலாமா?

கேள்வி: 2024 மே 6, மாலை 6.15

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரும்பு. இரண்டு நாளாக வெட்டு நடக்கிறது. இன்று மதியம் ஓடைக்கரை ஓரமாக வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கரைச் சரிவில் ஒரு பெரிய பொந்து, வாயைக் காய்ந்த கரும்புச் சோகை மூடியிருக்கிறது, உள்ளே மலைப்பாம்பு. என் தொடை அளவு பருமன். சுருண்டு கிடக்கிறது, சுருளின் இடுக்கில் வெள்ளையாக முட்டைகள் தெரிகின்றன. சீறக்கூட இல்லை. அந்த மூலையில் இறங்க மாட்டோம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி இருக்கிறது. முட்டைகளை அதில் வைத்துப் பொரிக்கவிட்டுக் குட்டிகளை வனத்துறையிடம் கொடுத்துவிடலாம், தாயைப் பிடித்துச் சத்தியமங்கலம் காட்டில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பாம்பும் பிழைக்கும், என் வேலையும் முடியும். இதில் தவறு உண்டா ஐயா?

பதில்: மே 6, இரவு 9.40

உண்டு. முட்டையைத் தொடாதீர்கள் தம்பி. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இன்று இரவு ஆட்களோ பக்கத்துத் தோட்டத்துப் பையன்களோ டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 6, இரவு 10.25

காரணம் இதுதான். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். பெட்டியில் வைத்தாலும் நாம் திருப்பிவைக்கிறோம். பாம்பு முட்டை அப்படி அல்ல. இட்ட ஒன்றிரண்டு நாளில் கரு மேற்பக்கமாக ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடலாம். மலைப்பாம்பின் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குவியலாகக் கிடக்கும், பிரிக்கப் போனால் கிழியும். கோழிப் பெட்டியின் வெப்பம் 37.5 டிகிரி. இவற்றுக்கு வேண்டியது 31, 32 டிகிரிதான். உங்கள் பெட்டியில் குட்டி பொரியாது, முட்டை வெந்துபோகும்.

சட்டமும் இருக்கிறது. மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் அந்தச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாது. உங்களை மிரட்டுவதற்காக எழுதவில்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றம் குற்றம்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், அது அவசியம். அப்புறப்படுத்தச் சொல்லி அழைக்காதீர்கள். பார்த்துக் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மே 7, காலை 7.10

கண்ணாடி விரியனாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் அந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். தொடைப் பருமனுக்கு வளரவும் செய்யாது. ஆனால் மலைப்பாம்புக் குட்டியையும் விரியனையும் மாற்றிப் புரிந்துகொள்வது நம் பக்கம் உயிரைப் பறிக்கும் தவறு. எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மழைநாளில் வாய்க்கால் ஓரம் கிடந்ததை “மலைப்பாம்புக் குட்டி” என்று கையில் எடுத்தான். விரியன். இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்து, சிறுநீரகம் கெட்டு, மயிரிழையில் மீண்டுவந்தான். அவன் அம்மா அந்த இரண்டு வாரமும் உண்ட சோறு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

விரியனின் முதுகில் சங்கிலிக் கண்ணிகளைப் போல முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையில், ஓரங்கட்டிய மாதிரி ஒழுங்காக ஓடும். செதில் சொரசொரப்பு, பளபளப்பே இருக்காது. தலையெல்லாம் பொடிச் செதில். கிட்டப் போனால் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை, ஒன்றோடொன்று ஒட்டாத சதுரமும் கோணலுமாக, வரைபடத்தில் மாவட்டங்கள் போல இருக்கும். தோல் வழவழப்பாக மின்னும். தலையில் ஈட்டிமுனை போன்ற அடையாளம். மேலுதட்டில் சிறு குழிகள் தெரியும், இரையின் உடற்சூட்டை உணர்வது அவற்றால்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். அடையாளம் தெரிந்துகொள்வது விலகி நிற்பதற்குத்தான்.

மே 7, இரவு 8.30

படம் வந்தது. ஐயமே இல்லை, மலைப்பாம்புதான். பத்து அடிக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். பெண், ஆணைவிடப் பெரிதாக வளரும். எவ்வளவு அழகாகச் சுற்றிக்கொண்டு தலையைச் சுருளின் உச்சியில் வைத்திருக்கிறாள்! மேஸ்திரியின் மனைவி “பச்சை உடம்புக்காரி, விட்டுவிடுங்கள்” என்றாராமே. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். நான் இரண்டு நாளாக எழுதுவதை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

மே 8

மறந்துவிட்டேன், இது அவசரம். வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்துவீர்கள் அல்லவா? அந்த மூலையில் கொளுத்தவே கூடாது. பொந்திலிருந்து முப்பது அடிக்குச் சோகையை வாரித் தள்ளிவிட்டு, மற்ற இடத்திலும் காற்று அடங்கிய நேரம் பார்த்துத்தான் நெருப்பு வையுங்கள். கொளுத்தாமல் மூடாக்காகவே விட்டால் நிலத்துக்கும் நல்லது. பொந்தின் வாயை மூடியிருக்கும் சோகை மட்டும் அப்படியே இருக்கட்டும்.

கரையை ஒட்டிய கடைசி நான்கு பார்களை, அதாவது கரும்பு வரிசைகளை, வெட்டாமல் விடுங்கள். நிழல் போனால் பொந்துக்குள் வெப்பம் ஏறும். ஆலைக்குப் போகாத அந்த நான்கு பார் கரும்பின் விலை எனக்கும் தெரியும், நானும் விவசாயிதான்.

மே 10

“காட்டில் கொண்டுபோய் விட்டால் பாம்புக்கு நல்லதுதானே, தோட்டத்தில் என்ன வாழ்வு?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதை உட்கார்ந்து எழுத வேண்டும் என்றுதான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தோட்டம் பவானிசாகர் அணைக்குக் கீழே. வாழையும் மஞ்சளும். 2011இல் எங்கள் கிணற்று மேட்டில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. ஏழெட்டு ஆண்டாக அங்கேதான் இருந்தது என்று அப்பா சொல்வார். மார்கழிக் காலையில் வெயில் ஏறியதும் கல் குவியல் மேல் வந்து படுக்கும். அப்பா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அதனோடு பேசுவார். அந்த ஆண்டு என் அக்கா பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பயம். ஆள் வைத்துப் பிடித்துச் சாக்கில் கட்டி, மலையேறி, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஓடையில் விட்டோம். சாக்கின் வாயை அவிழ்த்ததும் அது போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே கிடந்தது. நான் அன்றைக்குப் பெரிய புண்ணியம் செய்தவனைப் போல வீடு வந்தேன்.

பாம்புக்கும் ஊர் உண்டு. எந்தப் பொந்தில் வெள்ளம் ஏறாது, எந்தக் கல்லில் வெயில் முதலில் விழும், எந்த வழியில் எலி வரும், கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் கற்றுவைத்த அறிவு. புது இடத்தில் அது குருடு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆறு மலைப்பாம்புகளைப் பிடித்த இடத்திலிருந்து 21 முதல் 36 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஐந்து பாம்புகள் திரும்பி வந்து, பிடித்த இடத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் சேர்ந்துவிட்டன. முடிவு 2014இல் வெளியானது. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பாம்பும் கிளம்பியிருக்கும். இடையில் சாலை, வாய்க்கால், நாய்கள், மண்வெட்டியோடு மனிதர்கள். வந்து சேரவில்லை.

அப்பா அதற்குப் பிறகு அந்தக் கல் குவியலைக் கலைக்க விடவில்லை. 2016இல் அவர் போகும்வரை ஒரு சொல்லும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

ஆகவே தம்பி, தாயைச் சத்தியமங்கலம் காட்டில் விடுவது காப்பாற்றுவது ஆகாது. அடைகிடப்பவளைத் தூக்கினால் முட்டைகள் அத்தனையும் போச்சு, அவளும் ஊரை இழப்பாள்.

மே 10, சற்று நேரம் கழித்து

ஒன்று சேர்க்க வேண்டும். கிணற்றில் விழுந்தது, வலையில் சிக்கியது, வீட்டுக்குள் வந்தது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் கூப்பிடு தூரத்தில், ஒரு கிலோமீட்டருக்குள், மறைவான இடத்தில் விடச் சொல்லுங்கள்.

மே 13

வெட்டு முடிந்தது, மூலை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் குளிர்ந்தது. “உடம்பு அடிக்கடி விக்கல் எடுப்பது போல் தூக்கிப் போடுகிறது, நோயா?” என்று கேட்டிருக்கிறீர்களே, எத்தனை அடி தூரத்திலிருந்து பார்த்தீர்கள்? இனிமேல் அவ்வளவு கிட்டப் போகாதீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது பெரிய காட்சி.

நோய் இல்லை. அவள் முட்டைகளுக்குச் சூடு உண்டாக்குகிறாள். பாம்பு குளிர்ந்த குருதி உயிரி, தன் சூட்டைத் தானே உண்டாக்காது என்று பள்ளியில் படித்தோம். அடைகாக்கும் மலைப்பாம்பு அந்த விதியை மீறுகிறது. தசைகளைச் சுண்டிச் சுண்டித் துடிக்கவைத்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாகத் தன் உடம்பை வைத்திருக்கும். லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் கண்டதாக 1832இல் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் ஏற்கவில்லை. 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்திலேயே ஒரு மலைப்பாம்பு அடைகிடந்தது. வலென்சியன் என்ற விலங்கியலாளர் வெப்பமானியை வைத்து அளந்து பார்த்து உண்மை என்றார். 1966இல் நியூயார்க் விலங்குக் காட்சியகத்தில் இன்னும் நுட்பமாக அளந்தார்கள். வெப்பம் 33 டிகிரியிலிருந்து இறங்க இறங்கத் துடிப்பு கூடிக்கொண்டே போனது.

இதையெல்லாம் அவள் பட்டினியோடு செய்கிறாள். முட்டையிட்டதிலிருந்து பொரியும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் இரை எடுப்பதில்லை. மேஸ்திரியின் மனைவி சொன்ன சொல்லை மறுபடி நினைத்துக்கொண்டேன்.

மே 14

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பாரிஸிலும் நியூயார்க்கிலும் அளந்தது நம்முடைய பாம்பு அல்ல, பர்மா மலைப்பாம்பு. நெடுநாள் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாக வைத்திருந்தார்கள், 2009இல்தான் தனி இனங்களாகப் பிரித்தார்கள். ஃபுளோரிடாவில் திரும்பி வந்தவையும் பர்மா வகையே. நெருங்கிய உறவு என்றாலும் வேறு இனம். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

வித்தியாசம் கேட்டவருக்கு: நம்முடையது வெளிர் நிறம், தலையில் உள்ள ஈட்டிமுனை முன்பக்கம் மங்கிப்போயிருக்கும். பர்மா வகை கருமை கூடியது, ஈட்டிமுனை அழுத்தமாக மூக்குவரை ஓடும். நம்முடையதற்கு மேலுதட்டுச் செதில் கண்ணைத் தொடும், பர்மா வகைக்குத் தொடாது, இடையில் சிறு செதில்கள் உண்டு. இதைப் பார்க்க எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்று யோசியுங்கள், போகாதீர்கள்.

மே 15

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி, அவர்கள் பக்கம் இதை வெங்கிணாந்தி என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். என்ன அழகான சொல்! இலங்கையில் உள்ள ஒரே மலைப்பாம்பு இனம் இதுதான், நம்முடையதும் அதுவும் ஒன்றே. பழந்தமிழில் மாசுணம். விழுந்து கிடக்கும் மரம் போல வழியை மறித்துக் கிடக்கும் என்று சங்கப் புலவன் பாடினான். பார்க்காதவனால் அப்படிச் சொல்ல முடியாது. மலைப்பாம்பு கிடக்கும்போது முதலில் மரமாகத்தான் தெரியும், பாம்பாகத் தெரிய ஒரு நொடி ஆகும்.

மே 20

ஃபுளோரிடாவைப் பற்றிக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பிலிருந்து விலகுகிறது, ஆனாலும் நமக்கும் அதற்கும் உண்மையான தொடர்பு இருப்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் வளர்க்க வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. 2012இல் வந்த ஆய்வில், அவை நெடுநாளாக இருக்கும் பகுதிகளில் சாலையில் கண்ணில் படும் ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குகள் 99 விழுக்காடு குறைந்துவிட்டன என்று கண்டார்கள். பிடிக்க வழி தேடியவர்கள் 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை வரவழைத்தார்கள், மாசி சடையன், வடிவேல் கோபால். மற்றவர்கள் சாலையோரமும் கால்வாய்க் கரையுமாகத் தேடுவார்கள். இவர்கள் அடர்ந்த புதருக்குள் இறங்கி நடந்தார்கள், தடம் பார்த்தார்கள், எச்சம் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் அடியிலிருந்து எடுத்ததில் ஒன்று 16 அடி. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி படித்த அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

ஆனால் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களின் முந்தைய தலைமுறை தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்தது. செருப்பும் கைப்பையும் ஆவதற்கு நம் நாட்டிலிருந்து தோல்கள் குவியல் குவியலாகக் கப்பலேறின. 1972இல் சட்டம் வந்தது, 1976இல் தோல் ஏற்றுமதியை அடியோடு தடுத்தார்கள். பாம்புகள் தப்பின, இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, நச்சுமுறிவு மருந்துக்காக நஞ்சு எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி வெளியில் விடும் வேலை வந்த பிறகே நிலை மாறியது. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேகரின் பங்கு அதில் பெரியது. சட்டம் வந்ததும் மலைப்பாம்பு காப்பாற்றப்பட்டது என்று நான் பல இடங்களில் பேசியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இனி அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டேன்.

மே 29, இரவு 11.05

“தாயைக் காணோம்” என்று மாலையில் வந்த செய்தியைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. இன்று நல்ல மழை அல்லவா. பொந்துக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறதா? தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள், கையை விடாதீர்கள். முட்டைகள் கிடக்கின்றனவா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மே 30, காலை 6.20

திரும்பி வந்துவிட்டாளா! நல்லது. நல்லது.

இரவு நான் பதறியது தேவையற்றது. அடைகிடக்கும் மலைப்பாம்பு சில வேளை தண்ணீருக்குப் போகும், வெயில் காயவும் வரும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள மலைப்பாம்புக்கு நான் சொன்ன அந்தத் துடிப்பே கிடையாது. பொந்து வாயில் வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு உள்ளே போய் முட்டையைச் சுற்றிக்கொள்ளும், அதுதான் அதன் வழி. தாய் வெளியே வந்த நேரம் பார்த்து உடும்போ கீரியோ காட்டுப்பன்றியோ முட்டையை எடுத்துவிடக்கூடும். அதற்கும் நாம் காவல் நிற்கக் கூடாது. நாம் நின்றால் அவள் திரும்ப மாட்டாள்.

பொரிந்ததும் தாய் போய்விடும். எந்த மலைப்பாம்பும் குட்டியை வளர்ப்பதில்லை.

ஜூன் 2

“எந்த மலைப்பாம்பும்” என்று எழுதியது தவறு. நான் மேற்கோள் காட்டிய அதே தென்னாப்பிரிக்கப் பாம்பே அதற்கு மறுப்பு. குட்டிகள் பொரிந்த பிறகும் இரண்டு வாரம் அளவுக்குத் தாய் பொந்தில் தங்க, குட்டிகள் இரவில் அவள் சுருளுக்குள் வந்து சூடு காய்வதை 2018இல் கேமரா வைத்துப் பதிவுசெய்து எழுதியிருக்கிறார்கள். பாம்புகளைப் பற்றி “எதுவும் செய்யாது”, “எப்போதும் அப்படித்தான்” என்று எழுதவே கூடாது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 5

மலைப்பாம்பு தன் ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டது என்று கோபமாக எழுதியவருக்கு. உங்கள் கோபம் நியாயமானது. குட்டியை இழந்தவரிடம் போய் அட்டவணை, சட்டம் என்று பேசுவது முறையல்ல. மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை எடுக்கும், கோழியை எடுக்கும், எடுக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியின் அடிப்பக்கம் இடைவெளி இல்லாமல் கம்பிவலை, மேலே கூரை, இரவில் குட்டிகள் உள்ளே. எங்கள் தோட்டத்தில் இதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை. அதே பாம்பு ஆண்டு முழுக்கத் தின்னும் எலியும் பெருச்சாளியும் உங்கள் கணக்கில் யாரும் எழுதாத வரவு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விழுங்கிய பாம்பைச் சூழ்ந்துகொண்டு கம்பால் குத்திக் கக்க வைக்காதீர்கள். நம் ஊரில் இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. குட்டி உயிரோடு திரும்பாது, இறுக்கிய உடனேயே செத்துப்போயிருக்கும். மூச்சு முட்டித்தான் சாகிறது என்று நெடுநாள் நம்பினோம். 2015இல், இதே போல இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளை வைத்து அளந்தபோது குருதி ஓட்டமே சில நொடிகளில் நின்றுபோவது தெரிந்தது. பாம்புக்கோ அந்த இரை பல வார வாழ்வு. பெரிய இரை எடுத்த பர்மா மலைப்பாம்பின் இதயமே இரண்டு நாளில் 40 விழுக்காடு பருக்கிறது என்று 2005இல் கண்டார்கள். உடம்பையே புதிதாகக் கட்டிக்கொண்டு செரிக்கும் நேரத்தில்தான் நாம் கம்பால் குத்துகிறோம். அசைய முடியாத உயிரை அடிப்பதில் என்ன வீரம்?

மூச்சால் இரையை இழுக்கும், தூங்கும் ஆளின் மேல் படுத்து அளவெடுக்கும் என்பவையெல்லாம் கதை. நம் மலைப்பாம்பு மனிதனை விழுங்கும் பாம்பு அல்ல. 2017இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒருவரை விழுங்கியது வலைமலைப்பாம்பு, வேறு இனம். ஆனால் கடிக்கும். பல் உள்நோக்கி வளைந்திருப்பதால் நாம் கையை இழுக்க இழுக்கச் சதை கிழியும். நஞ்சு இல்லை என்பதால் காயம் இல்லை என்று ஆகாது.

ஜூன் 15

அந்தப் பொந்து எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் மையம்.

மலைப்பாம்பால் தோண்ட முடியாது. முள்ளம்பன்றி தோண்டியது, அலங்கு (எறும்புதின்னி) தோண்டியது, பழைய கறையான் புற்று, கல் குவியல், இவற்றில்தான் அது குடியேறும். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் மலைப்பாம்புகளின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் எஸ். பூபதி. பிறகு கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றினார், 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து இறந்தார். பரத்பூரில் முள்ளம்பன்றி இருக்கும் புடையிலேயே (வளையிலேயே) மலைப்பாம்பும் தங்குவதை அவரும் அவருடைய மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். முள்ளோடு வாழும் விலங்கும் அதையே தின்னக்கூடிய பாம்பும் ஒரே வீட்டில்! குளிர்காலத்தில் புடை வாயில் வெயில் காயும் பாம்புகளைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் நெருங்குவதால் அவை வெயில் காயும் முறையே மாறிப்போகிறது என்று 2018இல் அவருடைய குழுவினர் எழுதினார்கள்.

ஆக, மலைப்பாம்பைக் காப்பது என்றால் முதலில் ஓட்டையைக் காப்பது. நம் பக்கம் என்ன நடக்கிறது? முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்று புடையில் புகை போடுகிறோம். ஓடைக்கரையைப் பொக்லைன் வைத்து வழித்து நேராக்குகிறோம். கல் குவியலை அள்ளிக் கட்டடத்துக்கு அனுப்புகிறோம். ஒரு பாம்பையும் கொல்லவில்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். அடுத்த கோடையில் அடைகிடக்க இடம் தேடி அது சாலையைக் கடக்கிறது. 2019இல் பண்ணாரி தாண்டி விடியற்காலையில் சாலையில் நசுங்கிக் கிடந்த ஒரு பெண் மலைப்பாம்பைப் பார்த்தேன், வயிற்றில் முட்டை இருந்தது. அங்கிருந்து காட்டு வழியே மலையேறும் திம்பம் சாலையில் 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. தடையைக் குறைசொல்பவர்களின் சிரமம் எனக்குப் புரியும், என் மஞ்சளும் அந்த வழியில்தான் போகிறது. அந்தக் காலையைப் பார்த்த பிறகு என்னால் தடைக்கு எதிராகப் பேச முடியாது.

ஜூன் 22

முட்டைகள் குழி விழுந்து சுருங்கியிருக்கின்றன, கெட்டுவிட்டனவா என்று கேட்கிறீர்கள். பொரிவதற்கு முன் அப்படித்தான் அமுங்கும். பொறுங்கள்.

ஜூன் 25, காலை 7.50

தலைகள்! நீங்கள் அனுப்பிய படத்தை என் மனைவி, பேத்தி, பால்காரர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஓட்டைக் கீறி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஐந்தாறு தெரிகின்றன. மேல்தாடை நுனியில் உள்ள சிறு பல்லால் கீறும், பிறகு அந்தப் பல் விழுந்துவிடும். கீறிய உடனே வெளியே வராது. ஒன்றிரண்டு நாள் கருவுணவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, உள்ளே போய், மறுபடி எட்டிப் பார்க்கும். உதவி செய்கிறேன் என்று ஓட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

ஊரைக் கூட்டாதீர்கள். வனத்துறை ஆட்கள் வந்தால் இரண்டு பேர் போதும்.

ஜூன் 28

தாய் போய்விட்டாள் என்கிறீர்கள். குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும்வரை பொந்தை ஒட்டியே கிடக்கக்கூடும், பிறகு கலைந்துவிடும். அவற்றில் பெரியதாக வளர்பவை மிகச் சிலவே. கழுகு, கீரி, உடும்பு, பூனை எல்லாம் தின்னும். “அப்படியானால் பெட்டியில் வைத்து வளர்த்து விட்டிருக்கலாமே” என்று ஒருவர் திரும்பத் தொடங்கியிருக்கிறார். மே 6ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஜூலை 7

தம்பியின் கடைசிச் செய்தியை அப்படியே இங்கே வைக்கிறேன்: “27 ஓடு எண்ணினேன். 23 கீறியவை, நான்கு கெட்டவை. பொந்துக்கு வெளியே விரல் நீளச் சட்டைத் துண்டுகள் கிடந்தன, ஒன்றை மேஸ்திரி அம்மாவிடம் கொடுத்தேன். கரையைச் சமன்செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்திருந்தேன். பொக்லைன்காரரிடம் அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் செய்யச் சொல்லிவிட்டேன். இரண்டு சென்ட் இடம் போகும். முள்ளம்பன்றி மறுபடி வந்தால் என்ன செய்வது ஐயா?”

வந்தால் விடுங்கள் தம்பி. கிழங்கு போடும் பக்கம் மட்டும் அடிப்பக்கத்துக்குத் தகரம் வைத்து வேலி அடித்துக்கொள்ளலாம், எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.